மொட்டை மாடியும் முதல் நாற்றும்

அத்தியாயம் 9

போன வாரம் பச்சையம்மாள் சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னதும், பரிமாறிக்கொண்டிருந்த மூத்த மருமகள் இசைவாணியின் கரண்டி அந்தரத்தில் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்காக இன்னொரு தடவை.

"இந்த வருசம் முதல் நாத்து நம்ம சின்னவ கையால நடட்டும்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மாமியார் அப்பளம் கேட்டாள். ராஜாங்கம், அதாவது இசைவாணியின் கணவன், "நடட்டுமே" என்று ஒரு வார்த்தை வேறு சேர்த்துவிட்டுக் கை கழுவப் போனான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவனுக்குக் கல்யாணமான புதிதில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

தியாகதுருகம் போகிற சாலையை ஒட்டிய அந்த வீட்டுக்கு இசைவாணி வந்த வருஷம், முதல் நாற்றை அவள் கையால் நட வைத்தார்கள். அந்தப் போகம் விளைச்சல் கொட்டியது. அன்று பிடித்தது ராசிக்காரி என்ற பேர். கரும்புக்கு முதல் கரணை, மரவள்ளிக்கு முதல் குச்சி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்காலுக்கு மஞ்சள் தடவுவது, எல்லாவற்றுக்கும் "இசையக் கூப்புடு, அவ கை ராசி" என்பார்கள். பெரிதாகப் படிப்போ, பிறந்த வீட்டுச் சீரோ இல்லாதவள். அந்த வீட்டில் அவள் நிமிர்ந்து நடக்க இருந்த ஒரே காரணம் அந்தக் கைதான்.

இப்போது அதற்குப் போட்டியாக ஒரு கை வந்துவிட்டது.

சின்ன மருமகள் தேவிப்ரியா கள்ளக்குறிச்சி டவுன்காரி. கொழுந்தன் பிரவீன்குமாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். மண்ணைத் தொட்டால் நகத்துக்குள் போகுமே என்று யோசிக்கிற ரகம் என்பது இசைவாணியின் அபிப்பிராயம். என்னுடையது இல்லை. அவள் மண்ணைத் தொடாமலேயே செடி வளர்க்கக் கிளம்பியதில் அந்த அபிப்பிராயம் இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

முதலில் மீன்கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தாள். மூடியில் ஓட்டை போட்டு, அதில் டீ குடிக்கிற கப்பைச் செருகி, தண்ணீரில் உரம் கலந்து பாலக்கீரை போட்டாள். மூடி இடுக்கில் வெயில் புகுந்து தண்ணீர் முழுக்கப் பாசி பிடித்து நாறியது. வீடே சிரித்தது. அதில் சத்தமாகச் சிரித்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேவி விடவில்லை. ஃபோனில் பார்த்துப் பார்த்து, வெள்ளைக் குழாய் வாங்கிப் பிரவீன்குமாரை விட்டு வரிசையாக ஓட்டை போட வைத்தாள். நீல டிரம் ஒன்று, அதற்குள் ஏர்கூலருக்குப் போடுகிற குட்டி மோட்டார். டிரம்மில் இருக்கிற தண்ணீர் குழாயெல்லாம் சுற்றி வந்து மறுபடி டிரம்மிலேயே விழும். மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த் தூள். வெயில் புகாமல் எல்லாவற்றுக்கும் மூடி, மேலே பச்சை வலை. இரண்டு பாட்டில் உரம், தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்ட பேனா மாதிரி ஒரு மீட்டர். வீட்டு போர் தண்ணீர் உப்பு என்பதால், கழனி மோட்டாரிலிருந்து கேனில் பிடித்து ஸ்கூட்டியில் கொண்டு வந்து ஊற்றினாள்.

கிண்டல் பண்ணுவதற்காக மாடி ஏறிய பச்சையம்மாள், இறங்கி வரும்போது மூக்கில் விரலை வைத்துக்கொண்டு வந்தாள்.

"மண்ணே இல்லாம மொளைக்க வச்சிக்கினு இருக்காளே. இது இன்னா கைடி இது."

அந்த 'இன்னா கைடி'தான் இசைவாணிக்குச் சோறு இறங்காமல் செய்தது. ரசத்துக் குழியில் வந்து விழுந்த வாக்கியமும் அதன் தொடர்ச்சிதான்.

நடவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். துணி எடுக்கத்தான் போகிறோம் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் கொடி இருந்த பக்கம் வேறு, அவள் போய் நின்ற பக்கம் வேறு.

லெட்டூஸ் என்று தேவி சொல்கிற அந்தக் கீரை சுருள் சுருளாக விரிந்து குழாயை மறைத்திருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்து பார்த்தாள். ஒரு பூச்சிக்கடி இல்லை, ஒரு பழுப்பு இல்லை. ஓர் இலையைப் பிடித்து இழுத்தாள். கப்போடு மேலே வந்தது. கீழே தொங்கிய வேர் அத்தனை வெள்ளை.

அவளுக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் வைத்த காரக்குழம்பின் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் காரணம் குழம்பு இல்லை என்று அவளுக்கே தெரியும். இவ்வளவு நாள் சேற்றில் குனிந்து முதுகு ஒடிந்து சம்பாதித்த பேரை, இவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் எடுத்துக்கொண்டு போகிறாளே என்று இருந்தது.

படியில் மாமியார் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கப்பை அவசரமாக ஓட்டையில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த கொடிப் பக்கம் நகர்ந்தாள். ஒளிந்துகொள்ளவில்லை. ஆனால் "நான் இங்கதான் இருக்கேன் அத்தே" என்று குரலும் கொடுக்கவில்லை.

பச்சையம்மாள் கையில் கல்லுப்புப் பாக்கெட் இருந்தது. பாதிப் பாக்கெட்டை முந்தானையில் கொட்டிக்கொண்டு, கை நிறைய அள்ளிக் குழாய்களுக்கு மேலே சுற்ற ஆரம்பித்தாள்.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, போறவ கண்ணு, வர்றவ கண்ணு..."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"எங்க பெரியவ கண்ணு. அதான் எல்லாத்துலயும் ஜாஸ்தி. அந்தக் கண்ணும் கரைஞ்சி போவணும்."

 பொய்யாகச் சொல்லியிருந்தால் இசைவாணி சண்டைக்குப் போயிருப்பாள். உண்மையைச் சொல்லிவிட்டாளே, அதுதான் தாங்கவில்லை.

சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதுதான் முறை. உப்பு கரைவது போல் கண்ணேறும் கரையும் என்பது கணக்கு. வழக்கமாகப் பச்சையம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவாள். அன்றைக்கு முட்டி வலி. கீழே போய்ச் சொம்பு எடுக்கத் தெம்பில்லை. பக்கத்தில் டிரம்மில் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது.

"ஓடுற தண்ணி. இன்னும் விசேசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைத் தூக்கி, முந்தானையில் இருந்த அத்தனை உப்பையும் உள்ளே உதறினாள்.

இசைவாணியின் வாய் தானாகத் திறந்தது. போர் தண்ணீர் உப்பாகிப் பிறந்த வீட்டில் ஒரு கழனியே விளையாமல் கரம்பாகக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் பயிரை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? "அத்தே, அதுல போடாதீங்க" என்று மூன்று வார்த்தை. அவ்வளவு போதும்.

பெரியவ கண்ணுதானே. நல்லாக் கரையட்டும்.

வாயை மூடிக்கொண்டாள். மாமியார் படி இறங்கிப் போகும் வரை மூடியபடியே நின்றாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் மாடியிலிருந்து தேவியின் குரல் வந்தது. அழுகையும் இல்லை, கூப்பாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எல்லோரும் மேலே ஓடினார்கள்.

லெட்டூஸ் மொத்தமும் வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி குழாயின் மேல் கவிழ்ந்து கிடந்தது. புதினா மட்டும் கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

தேவி மீட்டரை டிரம்மில் விட்டுப் பார்த்தாள். உதறிவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் கூடச் சரியாத்தான் காட்டுச்சி. இப்ப எங்கியோ போய் நிக்குது. தண்ணியில உப்பு கண்டமேனிக்கு ஏறிக்கினு இருக்கு. வேரு தண்ணிய இழுக்கவே முடியல."

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பச்சையம்மாளின் கை முந்தானையைப் பிடித்தது. பிடித்த கை உடனே விட்டது. அதை இசைவாணி பார்த்தாள். பார்ப்பதைப் பச்சையம்மாளும் பார்த்தாள்.

"போர் தண்ணிய ஊத்திட்டியா?" என்றான் ராஜாங்கம்.

"இல்ல மாமா. நம்ம கழனி தண்ணிதான். நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் யாரோ இன்னாவோ போட்டிருக்காங்க. யாராவது போட்டீங்களா? போட்டிருந்தா சொல்லுங்க. திட்ட மாட்டேன். இன்னான்னு தெரிஞ்சா சரி பண்ணிடுவேன்."

 ராஜாங்கம் மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"நீதான சாயங்காலம் மேல வந்த?"

"துணி எடுக்க வந்தேன்."

"யூரியா கீரியா..."

"இன்னாங்க பேசுறீங்க?"

"கேட்டேன். அவ்ளோதான்."

கட்டின புருஷன் கேட்கிறான். செய்யாத குற்றத்துக்கு அவளுக்குக் கோபம் பொங்கியது. செய்த குற்றம் ஒன்று அடியில் கிடந்ததால் அந்தக் கோபம் வாய் வரைக்கும் வரவில்லை. மாமியார் சொல்லட்டும் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

மாமியார் சொன்னாள். ஆனால் வேறொன்று.

"யாரும் ஒண்ணும் போடல. கண்ணு பட்டுப் போச்சி. இதுக்குப் போயி மீட்டரு கீட்டருன்னு..." குரல் லேசாகத் தடுமாறியது. "நேரம் ஆவுது. நடவு ஆளுங்க கழனிக்கு வந்திருப்பாங்க. தேவி, நீ வர வேணாம். செடி வாடுன கையால நாத்து நடக் கூடாது. இசை, நீ கெளம்பு. எப்பவும் போல நீயே நட்டுடு."

தேவி தன் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு டிரம்மைப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் கூட இருங்களேன். ரெண்டு பேராப் புடிச்சா இதச் சாய்ச்சிடலாம். வேரக் கழுவி நல்ல தண்ணி விட்டா பொழைச்சிக்கும். வெயிலு ஏற ஏறச் செத்துடும்."

இசைவாணி டிரம்மைப் பார்த்தாள். படியருகில் காத்து நிற்கிற மாமியாரைப் பார்த்தாள்.

"நல்ல நேரம் முடிஞ்சிடும் தேவி. நட்டுட்டு வந்துடறேன்."

கீழே போய்ப் புதுப் புடவை கட்டிக்கொண்டாள். மஞ்சள் பூசிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன செய்ய? கேட்காமலேயே திரும்பக் கிடைத்துவிட்டது. மேலே டிரம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவள் பூவை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கழனி சேறடித்துத் தயாராக இருந்தது. நடவுப் பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் ஆயம்மாள். வாய் ஓயாதவள்.

"வா இசைம்மா. நீ வந்தாத்தான் எங்களுக்கும் நடவு நடந்த மாதிரி இருக்குது. இந்த வருசம் சின்ன மருமவன்னு சொன்னாங்களே?"

இசைவாணிக்கு நெஞ்சு நிறைந்தது. சேற்றில் இறங்கிக் கால் விரலை அழுத்தி நின்றாள். பச்சையம்மாள் கட்டி வைத்த நாற்று முடியை எடுத்துச் சூரியனுக்குக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது காதருகில் குனிந்தாள்.

"மேல நீ இருந்தது எனக்குத் தெரியாது. இருந்திருக்க. சரி. நீ ஆசப்பட்டது உனக்கு வந்துடுச்சி. இத்தோட வுட்டுடு."

நாற்று குளிர்ச்சியாகக் கையில் இருந்தது. ராசிக்கை என்று நினைத்தால் இது கைக்கூலி. இசைவாணி அதையும் விழுங்கத் தயாராகத்தான் இருந்தாள். குனிந்தாள்.

"சின்னவங்க ஏன் வரலீங்கம்மா?" ஆயம்மாள் விடவில்லை.

"அவ வளத்த செடியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா வாடிப் போச்சி. அதான் வேணாம்னுட்டேன்" என்றாள் பச்சையம்மாள்.

"வாடிப் போச்சா." ஆயம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். ஆனால் வரப்பு முழுக்கக் கேட்டது. "கல்யாணமாயி மூணு வருசம் ஆவுது. வவுத்துலயும் ஒண்ணும் தங்கல. கையிலயும் தங்கலன்னா, அது இன்னா கையோ..."

இன்னொருத்தி "ம்ம்" என்றாள். இன்னொருத்தி எச்சில் துப்பினாள்.

 தான் போட்ட பேச்சு இங்கே வந்து நிற்கும் என்று பச்சையம்மாள் நினைக்கவில்லை. நிறுத்தவும் வழி தெரியவில்லை.

இசைவாணி குனிந்தபடியே இருந்தாள். தனக்கு மகள் பிறக்கத் தாமதமான காலத்தில், இதே வரப்பில், அவளைப் பற்றியும் இப்படி ஆரம்பித்தார்கள். "ஆனா கை ராசிக்காரி" என்று சொல்லித்தான் அந்தப் பேச்சு அடங்கியது. தேவிக்கு அடக்க அந்தக் கையும் இல்லை. நாளை பந்தக்காலுக்குக் கூப்பிட மாட்டார்கள். வளைகாப்புக்குப் போனால் தட்டைத் தள்ளி வைப்பார்கள். அவள் பொறாமைப்பட்டது உண்மை. அந்தப் பெண் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை. இந்த அளவுக்கு இல்லை.

நிமிர்ந்தாள்.

"அவ கைக்கு ஒண்ணும் இல்ல ஆயம்மா. அத்தைதான் கண்ணு சுத்துன உப்பைக் கொண்டுபோயி அந்தத் தண்ணியில கொட்டிட்டாங்க. அரை பாக்கெட்டு. உப்புத் தண்ணியில எந்தச் செடி நிக்கும்?"

"இசை" என்றாள் பச்சையம்மாள்.

"தெரியாமக் கொட்டிட்டாங்க. என் கண்ணு படுதுன்னு சொல்லிச் சொல்லித்தான் கொட்டுனாங்க. நான் அங்கயே நின்னுக்கினு இருந்தேன். வேணாம்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. சொல்லல. சும்மா பாத்துக்கினு நின்னேன்."

ராஜாங்கம் மண்வெட்டியைக் கீழே வைத்தான். நடவுப் பெண்கள் ஒருவரும் ஆயம்மாளைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் இசைவாணியைத் தாண்டி, மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிருந்தது.

இசைவாணி திரும்பினாள்.

கொட்டகை வாசலில் ஸ்கூட்டி நின்றது. இரண்டு கையிலும் காலிக் கேனோடு தேவி நின்றாள். வேரைக் கழுவ நல்ல தண்ணீர் பிடிக்க வந்தவள். தனியாக டிரம்மைச் சாய்த்ததில் புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையில்லாத முகம்.

பச்சையம்மாள்தான் முதலில் பேசினாள். "எனக்குத் தெரியாது தேவி. சத்தியமா நல்லதுன்னு நெனைச்சித்தான்..."

தேவி மாமியாரைப் பார்க்கவில்லை.

"அத்தைக்குத் தெரியாதுக்கா" என்றாள். கோபம் கூட இல்லாத குரல். "உங்களுக்குத் தெரியும்."

குனிந்து கேனை மோட்டார்க் குழாயடியில் வைத்தாள்.  ஒரு கேன் நிறைந்ததும் அடுத்ததை வைத்தாள்.

இசைவாணி சேற்றிலிருந்து ஒரு கால் எடுத்து வைத்து நாற்று முடியை அவள் பக்கமாக நீட்டினாள். தேவி கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நேரம் முடியப் போவுது" என்றாள் பச்சையம்மாள், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல். "யாராவது ஒருத்தி நட்டுடுங்கடி."

இரண்டு மருமகள்களில் ஒருத்தியும் அசையவில்லை.